நம்பாத கருவிகளைக் கொண்டு குவாண்டம் சாவி உருவாக்குவது எப்படி? அடையாளச் சரிபார்ப்போடு ஒரு முழு வழிகாட்டி

1984-இல் பெங்களூருவில் நடந்த ஒரு மாநாட்டில் பென்னட், பிராசார்ட் இருவரும் பிபி84 என்ற குவாண்டம் சாவிப் பகிர்வு நெறிமுறையை, அதாவது ஒளித்துகள்களைக் கொண்டு இருவர் ஒரு ரகசிய பிட் வரிசையை (சாவி) உருவாக்கும் வழியை, முன்வைத்தார்கள். அதன் கணிதம் இன்றும் நிற்கிறது. உடைந்ததெல்லாம் பெட்டிகள்தான். விற்பனைக்கு வந்த குவாண்டம் கருவிகளின் டிடெக்டர்களுக்குள் பிரகாசமான லேசர் ஒளியைச் செலுத்தினால், அவை எப்போது கிளிக் ஆக வேண்டும் என்பதை வெளியில் இருப்பவரே தீர்மானிக்கலாம் என்று 2010-இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டே சிங்கப்பூரில், ஓடிக்கொண்டிருந்த ஓர் அமைப்பின் சாவி முழுவதையும் அதே வழியில் எடுத்தும் காட்டினார்கள். ஒட்டுக்கேட்பைக் காட்டிக்கொடுக்க வேண்டிய பிழை விகிதம் துளிகூட ஏறவில்லை.

இதற்கு மாற்றாக வந்ததுதான் கருவி சாராச் சாவிப் பகிர்வு. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. உள்ளீடு கொடுத்து வெளியீட்டை எண்ணுகிறோம். அந்த எண்ணிக்கையை வைத்தே பாதுகாப்பைக் கணக்கிடுகிறோம். பெட்டியை எதிரியே செய்து கொடுத்திருந்தாலும் கணக்கு செல்லும். சாவியைப் பகிரும் இருவரை வழக்கம்போல ஆலிஸ், பாப் என்போம். ஆனால் எதிர்முனையில் இருப்பது பாப்தானா, அவர் பெயரில் வேறொருவரா என்பதை எந்த ஃபோட்டானும் சொல்லாது. அந்த வேலையைச் செவ்வியல் சரிபார்ப்புதான், அதாவது குவாண்டம் கலக்காத சாதாரணக் கணினிச் சரிபார்ப்புதான், செய்ய வேண்டும். இத்துறையில் படிக்க வருபவர்கள் பெல் சோதனையில் (இரு பெட்டிகளின் விடைகள் குவாண்டம் பின்னலால் மட்டுமே முடிகிற அளவுக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது) மாதக்கணக்கில் மூழ்கிவிட்டு, சரிபார்ப்பை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அதனால் இங்கே அதற்குக் கூடுதல் இடம்.

முதலில்: எதை நம்பியே ஆக வேண்டும்

"நம்பாத கருவி" என்றால் எதையுமே நம்பாமல் இருப்பது என்று பொருளில்லை. நான்கு விஷயங்கள் உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.

ஆய்வகச் சுவர் மூடியிருக்க வேண்டும். அளவீட்டு முடிவு வானொலி அலையாகவோ, மின்கம்பி வழியாகவோ, ஒளியிழையில் திரும்பி ஓடும் ஒளியாகவோ வெளியே போகக் கூடாது. பெட்டிக்குள் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டர் இருந்தால் பெல் மதிப்பு எவ்வளவு உயர்ந்தாலும் பயனில்லை. உள்ளீட்டைத் தேர்வு செய்யும் ரேண்டம் எண் உங்களுடையதாக இருக்க வேண்டும். கருவியோடு சேர்ந்து வந்த ரேண்டம் எண் உற்பத்தியைப் பயன்படுத்தாதீர்கள். சாவியைக் கணக்கிடும் கணினி நம்பகமானதாக இருக்க வேண்டும். நான்காவது, முன்கூட்டியே பகிர்ந்துகொண்ட ஒரு சிறு ரகசியம்.

இந்த நான்கில் ஒன்று உங்களிடம் இல்லையென்றால் மேலே போவது வீண்.

எந்த வகை உங்களுக்கு?

நகருக்குள் சில பத்து கிலோமீட்டர் இணைப்பு, அதுவும் இந்த ஆண்டே ஓட வேண்டும் என்றால், முழுக் கருவி சாரா முறையைத் தேடாதீர்கள். 2012-இல் வந்த அளவீட்டுக் கருவி சாரா முறைதான் உங்களுக்குரியது. ஆலிஸ், பாப் இருவரும் மங்கலான லேசர் துடிப்புகளை நடுவிலுள்ள ஒரு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த நிலையம் எதிரியின் கையில் இருந்தாலும் பரவாயில்லை. டிடெக்டர் தாக்குதல்கள் அத்தனையும் ஒரே அடியில் செத்துப்போகின்றன. 2016-இலேயே 404 கி.மீ. ஒளியிழையில் இதைச் செய்துகாட்டினார்கள். ஆனால் லேசர் மூலங்களை நீங்கள் நம்பியாக வேண்டும். ஒவ்வொரு துடிப்பின் கட்டமும் (அலை எந்த நிலையில் தொடங்குகிறது என்பது) ரேண்டமாக இருக்கிறதா, சாவிக்கான சமிக்ஞைத் துடிப்பு, ஒட்டுக்கேட்பவரைப் பிடிக்கக் கலக்கும் ஏமாற்றுத் துடிப்பு, வெற்றுத் துடிப்பு மூன்றின் செறிவும் சொன்ன அளவில் நிற்கிறதா என்பதை நீங்களே அளந்து பார்க்க வேண்டும்.

இந்த முறையில் அதிகம் தொல்லை தருவது இரு லேசர்களையும் ஒத்துப்போக வைப்பது. நடு நிலையத்தில் இரண்டு துடிப்புகளும் வேறுபடுத்த முடியாதபடி சந்திக்க வேண்டும். மங்கலான லேசர் ஒளியில் குறுக்கீட்டுத் தெளிவு (இரு துடிப்புகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) கோட்பாட்டின்படியே 50 சதவீதத்தைத் தாண்டாது. 48 கிடைத்தால் நன்று. 40-க்கு இறங்கினால் பிழை விகிதம் சாவியைத் தின்றுவிடும். துடிப்பின் அகலம் 1 நானோசெகண்ட் என்றால் இரு லேசர்களின் அதிர்வெண் வேறுபாடு சில பத்து மெகாஹெர்ட்சுக்குள் இருக்க வேண்டும். வெப்பநிலையையும் கவனியுங்கள்: ஒளியிழையில் பயண நேரம் ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 40 பிக்கோசெகண்ட் மாறும். 50 கி.மீ. இழையில் ஒரு டிகிரி ஏறினால் 2 நானோசெகண்ட். துடிப்பின் அகலத்தைப் போல இரு மடங்கு. காலையில் சரியாக ஓடியது மதியம் நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மூலத்தையும் நம்ப முடியாது என்றால் முழுக் கருவி சாரா முறை. கீழே உள்ள படிகள் அதற்கானவை. 1, 5, 6, 7 ஆகிய படிகள் இரண்டுக்கும் பொது.

படி 1: முன்பகிர்வு ரகசியமும் அடையாளமும்

குவாண்டம் சாவிப் பகிர்வு உண்மையில் சாவியை வளர்ப்பதுதான். கையில் விதை இல்லாமல் அறுவடை கிடையாது. ஆலிஸும் பாப்பும் நேரில் சந்தித்தோ, நம்பகமான தூதர் வழியாகவோ ஒரு தொகுதி ரேண்டம் பிட்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு? வெக்மன், கார்ட்டர் வகைச் சரிபார்ப்பை எடுத்துக்கொள்வோம். செய்தியை 128 பிட் துண்டுகளாக்கி, ரகசிய ஹாஷ் சாவியை (ஹாஷ் என்பது நீண்ட செய்தியைக் குறுகிய எண்ணாகச் சுருக்குவது) புள்ளியாக வைத்து ஒரு பல்லுறுப்புக் கோவையை மதிப்பிடுகிறோம். வரும் 128 பிட் விடையை ஒருமுறை மட்டும் பயன்படும் 128 பிட்களோடு எக்ஸ்ஆர் செய்தால் (பிட் பிட்டாகப் பார்த்து, வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0) அதுவே முத்திரை. 1 மெகாபைட் செய்தியில் 65,536 துண்டுகள். போலி முத்திரை பலிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2-இன் −112 அடுக்கு. எதிரியின் கணினி எவ்வளவு வலிமையானது என்பது இந்தக் கணக்கில் வராது. குவாண்டம் கணினிக்கும் இது பொருந்தும்.

ஒரு அமர்வில் ஆறு செய்திகள் போகின்றன என்றால் 768 பிட் செலவு. இரு திசைகளுக்கும் தனித்தனி ஹாஷ் சாவிக்கு 256 பிட். இதோடு நிறுத்திக்கொண்டு ஓர் அமர்வுக்கு மட்டும் பிட் வைத்திருந்தால், எதிரி இழையை ஆட்டி அந்த அமர்வைக் கெடுத்தாலே போதும், உங்களிடம் அடுத்த முத்திரைக்கு ஒன்றும் இருக்காது. ஒன்பது அமர்வு தோற்றாலும் தாங்கும்படி 8,000 பிட் வையுங்கள். 1 கிலோபைட்தான், இதில் சிக்கனம் பார்க்கத் தேவையில்லை.

முத்திரையிடும் ஒவ்வொரு செய்திக்குள்ளும் மூன்று விவரங்கள் கட்டாயம்: அனுப்புபவர் யார், அமர்வு எண், செய்தி எண். முதலாவது இல்லாவிட்டால் ஆலிஸின் செய்தியையே எதிரி அவருக்குத் திருப்பி அனுப்பி "நான் பாப்" என்று சொல்ல வழியுண்டு. மற்ற இரண்டும் பழைய செய்தியை மறுபடி ஓட்டுவதைத் தடுக்கும்.

இங்கே நடக்கும் மிகக் கொடிய தவறு, ஒருமுறை பிட்களை இரண்டாம் முறை பயன்படுத்துவது. வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. கணினி நின்றுபோய், பழைய பேக்கப்பிலிருந்து மீட்கும்போது நடக்கிறது. ஒரே பிட்களால் மூடிய இரண்டு முத்திரைகளை எக்ஸ்ஆர் செய்தால் அந்த மூடி விலகிவிடும். மிஞ்சுவது ஒரு பல்லுறுப்புக் கோவை. அதன் மூலங்களில் ஒன்று உங்கள் ஹாஷ் சாவி. அதன்பின் எதிரி எதற்கும் முத்திரையிடலாம். ஆகவே விதி இது: எந்த இடம்வரை செலவானது என்ற எண்ணை முதலில் வட்டில் எழுதி உறுதிசெய்யுங்கள், பிறகுதான் முத்திரையை அனுப்ப வேண்டும். இரு முனைகளின் எண்களும் ஒத்துப்போகாவிட்டால் பெரிய எண்ணுக்குத் தாவுங்கள். பின்னோக்கிப் போகவே கூடாது. பிட் கிடங்கை பேக்கப் எடுக்கவும் வேண்டாம்.

நேரில் சந்திக்க வழியில்லையா? முதல் அமர்வுக்கு மட்டும் குவாண்டம் கணினிக்கும் தாங்கும் டிஜிட்டல் கையொப்பத்தைப் பயன்படுத்தலாம். 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட ஃபிப்ஸ் 204 அப்படி ஒன்று. அந்த அமர்வு நடக்கும் நேரத்தில் கையொப்பம் உடையாமல் இருந்தால் போதும். பத்து ஆண்டு கழித்து உடைந்தாலும் அன்று பிறந்த சாவிக்கு ஆபத்தில்லை. மறையாக்கத்தில் இந்த வசதி கிடையாது. கடவுச்சொல்லிலிருந்து இந்த ரகசியத்தைப் பிழிந்தெடுக்கலாமா என்றால், கூடாது. மனிதர் நினைவில் வைக்கும் சொல்லில் 128 பிட் ரேண்டம்தன்மை இருப்பதில்லை.

படி 2: பின்னல் ஜோடிகளும் அளவீட்டுக் கோணங்களும்

ஒவ்வொரு சுற்றிலும் இரு முனைகளுக்கும் குவாண்டம் பின்னலில் உள்ள, அதாவது தள்ளியிருந்தாலும் அளவீட்டு விடைகள் ஒன்றோடொன்று பிணைந்த, ஒரு ஜோடி துகள்கள் தேவை. ஆலிஸின் பெட்டிக்கு இரண்டு உள்ளீடுகள், பாப்பின் பெட்டிக்கு மூன்று. ஒளியின் முனைவாக்கத்தில் சொன்னால் ஆலிஸுக்கு 0, 45 டிகிரி. பாப்புக்கு சோதனைக்காக 22.5, −22.5 டிகிரி, சாவிக்காக 0 டிகிரி. இருவரும் 0-வில் அளந்தால் ஒரே விடை. அதுவே கச்சாச் சாவி. ஆலிஸின் இரண்டு கோணங்களும் பாப்பின் சோதனைக் கோணங்கள் இரண்டும் சேரும் நான்கு சேர்க்கைகள் சிஎச்எஸ்எச் சோதனைக்கு; பெல் சோதனையின் ஒரு வடிவம் அது.

ஒவ்வொரு சேர்க்கையிலும் இரு விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதே ஒத்திசைவு. நான்கு ஒத்திசைவுகளில் மூன்றைக் கூட்டி நான்காவதை (45, −22.5) கழித்தால் எஸ் மதிப்பு. முன்கூட்டியே விடைகளை எழுதிவைத்திருக்கும் எந்தப் பெட்டியும் 2-ஐத் தாண்டாது. குவாண்டம் இயற்பியலின் உச்சம் 2√2, அதாவது ஏறத்தாழ 2.828. இந்தக் கோணங்களை நீங்கள் கருவிக்குச் சொல்கிறீர்களே தவிர, அது கேட்கிறதா என்று நம்புவதில்லை. கேட்காவிட்டால் எஸ் விழும், அவ்வளவுதான்.

இங்கேதான் தூரம் தடுக்கிறது. முழுப் பின்னல் ஜோடிகளோடு சோதனை பொருள்பட, ஒவ்வொரு முனையிலும் ஒளி பிடிபடும் திறன் 82.8 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். 0.82 டெசிபெல் இழப்பிலேயே அந்த எல்லை வந்துவிடும். 1550 நானோமீட்டரில் நல்ல இழையில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் போகும்; டிடெக்டர் நூற்றுக்கு நூறு திறனோடு இருந்தாலும் 4 கி.மீ.யில் கதை முடிகிறது. சாவி எடுக்க இன்னும் கடுமையான திறன் வேண்டும். சமமில்லாப் பின்னல் நிலையைப் பயன்படுத்தினால் பெல் மீறலுக்கு 66.7 சதவீதம் போதும் என்று இயற்பியலாளர் எபர்ஹார்ட் 1993-இல் காட்டினார். ஆனால் அந்த நிலையில் இரைச்சலுக்கு இடமே இல்லை.

தப்பிக்கும் வழி முன்னறிவிப்பு: இரு முனைகளிலும் ஓர் அணுவோ அயனியோ வைத்து, அவை உமிழும் ஃபோட்டான்கள் நடுவில் சந்தித்தால் மட்டும் "ஜோடி தயார்" என்று மணி அடிக்கும். அதன்பின்தான் உள்ளீடு. ஒளி இழப்பு வேகத்தைக் குறைக்கும், எஸ்-ஐக் கெடுக்காது. 2022-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு சோதனையில் 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஸ்ட்ரான்ஷியம் அயனிகள்; மியூனிக் சோதனையில் 400 மீட்டர் தள்ளியிருந்த இரு கட்டடங்களில் இரண்டு ரூபிடியம் அணுக்கள். இரண்டும் இந்த வழிதான்.

படி 3: சுற்றுகளை ஓட்டுதல்

ஒவ்வொரு சுற்றும் இந்த வரிசையில் நடக்க வேண்டும்: ஜோடி தயார் என்ற அறிவிப்பு, வெளி உலகோடு இணைப்பைத் துண்டித்தல், ரேண்டம் உள்ளீடு, வெளியீட்டைப் பதிதல், மறுபடி இணைப்பு. அறிவிப்புக்கு முன்பே உள்ளீட்டைத் தேர்ந்து வைத்திருந்தால், பெட்டி தனக்குச் சாதகமான உள்ளீடு வரும்போது மட்டும் "தயார்" என்று சொல்லி ஏமாற்றும்.

கிளிக் ஆகாத சுற்றைத் தூக்கி எறியாதீர்கள். சாதாரண முறையில் பழகியவர்கள் கை தன்னாலேயே இதைச் செய்யும். அறிவிப்பு வந்த பிறகு விடை வராவிட்டால் அதற்கு 0 என்றோ 1 என்றோ ஒரு மதிப்பை முன்பே முடிவு செய்து, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். எறிந்தால் செவ்வியல் பெட்டிகூட 2.828-ஐக் காட்டிவிடும்.

படி 4: எஸ் மதிப்பைக் கணக்கிட்டு, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்தல்

சோதனைச் சுற்றுகளின் உள்ளீடு, வெளியீடு இரண்டையும் முத்திரையிட்டுப் பரிமாறுங்கள். 2007-இல் அசினும் குழுவினரும் தந்த சூத்திரம் இன்றும் முதல் மதிப்பீட்டுக்கு உதவும்:

சாவி விகிதம் = 1 − ஹெச்(பிழை) − ஹெச்((1 + √((எஸ்/2)² − 1)) / 2)

இதில் ஹெச் என்பது இருநிலை என்ட்ரோபி, அதாவது 0 அல்லது 1 என வரும் ஒரு விடையின் நிச்சயமின்மையை பிட் கணக்கில் அளப்பது. முதல் கழித்தல் பிழை திருத்தத்தில் வெளியாவது. இரண்டாவது எதிரிக்குத் தெரிந்திருக்கக்கூடியது. பிழை 7.1 சதவீதத்தையும் எஸ் 2.43-ஐயும் தொட்டால் விகிதம் பூஜ்யம்.

ஆக்ஸ்ஃபோர்டின் எண்களைப் போட்டுப் பாருங்கள். எஸ் 2.677, பிழை 1.44 சதவீதம். முதல் உறுப்பு 0.109, இரண்டாவது 0.308, விகிதம் 0.58. ஆனால் அவர்கள் 15 லட்சம் ஜோடிகளிலிருந்து எடுத்தது 95,628 பிட், ஜோடிக்கு 0.064தான். சோதனைச் சுற்றுகள், திருத்தத்தின் கூடுதல் செலவு, எல்லாவற்றுக்கும் மேலாக வரம்புள்ள மாதிரியின் அபராதம், அதாவது சுற்றுகள் குறைவு என்பதால் எச்சரிக்கையாகக் கழிக்க வேண்டியது. சூத்திரம் முடிவிலிச் சுற்றுகளுக்கானது. உண்மையில், வரம்புள்ள சுற்றுகளில் எதிரிக்குத் தெரியாத பங்கு எவ்வளவு என்று கணக்கிடும் என்ட்ரோபி திரட்சித் தேற்றத்தைப் பயன்படுத்த வேண்டும். அதன் கழிவு சுற்றுகளின் வர்க்கமூலத்தைப் போல வளரும். ஆகவே குறைந்த சுற்றுகளில் அது முழுச் சாவியையும் விழுங்கிவிடலாம். எட்டு மணி நேர ஓட்டத்தில் கிடைத்த அந்த 95,628 பிட் 12 கிலோபைட்டுக்குச் சற்றுக் குறைவு. யூனிகோடு தமிழில் குறி ஒன்றுக்கு 3 பைட் என்றால் 4,000 குறிகள்கூடத் தேறாது.

நிறுத்த வேண்டிய எல்லையை அமர்வுக்கு முன்பே எழுதிவையுங்கள். எஸ்-இன் புள்ளியியல் ஊசலாட்டம் ஏறத்தாழ 3 வகுத்தல் √(சோதனைச் சுற்றுகள்). 10,000 சுற்றில் 0.03, ஒரு லட்சத்தில் 0.009. எதிர்பார்ப்பு 2.715, சோதனைச் சுற்று ஒரு லட்சம் என்றால் 2.68-ஐ எல்லையாக வைக்கலாம். தரவைப் பார்த்த பிறகு எல்லையை நகர்த்தினால் நிரூபணம் செல்லாது.

கையில் இப்படிப்பட்ட அணு, அயனிக் கருவி இல்லாதவர்கள் இதுவரையிலான படிகளை மடிக்கணினியில் சிமுலேஷனாக ஓட்டலாம். ஜோடித் தெளிவு (பின்னல் எவ்வளவு இரைச்சலின்றி இருக்கிறது என்பது; முழுமை என்றால் 1) 0.96 என்று வைத்தால் எஸ் 2.715, பிழை 2 சதவீதம் வரும். தெளிவைச் சிறிது சிறிதாகக் குறைத்து 0.858-இல் சாவி மறைகிறதா என்று பாருங்கள். மறையாவிட்டால் உங்கள் நிரலில் கூட்டல், கழித்தல் குறி எங்கோ மாறியிருக்கிறது. பெரும்பாலும் கழிக்க வேண்டிய நான்காவது உறுப்பில்.

படி 5: பிழை திருத்தம்

10 லட்சம் சாவிச் சுற்று, பிழை 2 சதவீதம் என்று கொள்வோம். கோட்பாட்டுக் குறைந்தபட்சம் 1,41,400 பிட் வெளியாகும்; பிழை திருத்தும் நடைமுறைக் குறிமுறை அதைப் போல 1.15 மடங்கு கேட்டால் 1,62,600. திருத்தம் முடிந்ததும் 64 பிட் ஹாஷ் ஒன்றை ஒப்பிட்டு, இரு சாவிகளும் ஒன்றுதானா என்று உறுதிசெய்யுங்கள். இதைத் தவிர்த்தால், ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் அடுத்த படி அதைப் பெருக்கி இரண்டு முற்றிலும் வேறான சாவிகளைக் கொடுக்கும்.

படி 6: ரகசியம் பெருக்கல்

எதிரிக்குத் தெரிந்திருக்கக்கூடிய பங்கை நீக்க, டோப்லிட்ஸ் அணியால் (ஒவ்வொரு மூலைவிட்டத்திலும் ஒரே மதிப்பு வரும் எண் அட்டவணை) நீண்ட பிட் வரிசையைக் குறுகியதாகப் பிழிவது. 2.68 எல்லையில் எதிரியின் பங்கு சுற்றுக்கு 0.303. 10 லட்சத்திலிருந்து அதையும் திருத்தச் செலவையும் கழித்தால் 5,34,000 சொச்சம். அதிலிருந்து வரம்புள்ள மாதிரியின் அபராதத்தைக் கழித்த நீளமே இறுதிச் சாவி. அணிக்குத் தேவையான ரேண்டம் விதை, உள்ளீட்டு நீளமும் வெளியீட்டு நீளமும் கூட்டி ஒன்று கழித்தது. அதை வெளிப்படையாக அனுப்பலாம், முத்திரையோடு. ஆனால் அளவீடுகள் எல்லாம் முடிந்த பிறகே. நேரடிப் பெருக்கலில் கணினி திணறும். விரைவு ஃபூரியே மாற்றத்தைப் பயன்படுத்துங்கள். மிதவைப் புள்ளி வட்டமிடலில் பிட் பிறழாமலிருக்க முழு எண் வகையை எடுப்பது நல்லது.

படி 7: பதிவேடு முழுவதற்கும் முத்திரை

இந்த அமர்வில் பரிமாறிய ஒவ்வொரு செய்தியையும் வரிசை மாறாமல் சேர்த்து, இரு திசைக்கும் ஒரு இறுதி முத்திரை. அது ஒத்துப்போகும்வரை புதிய சாவியை எந்தச் செயலிக்கும் கொடுக்காதீர்கள். ஒத்துப்போனதும் முதல் வேலையாக, செலவான 768 பிட்டைப் புதிய சாவியிலிருந்து எடுத்துக் கிடங்கில் நிரப்புங்கள்; மிச்சம்தான் பயனருக்கு. முத்திரை ஒப்பீட்டு நிரல், எத்தனையாவது பைட்டில் வேறுபாடு என்பதை ஓட்ட நேரத்தால் காட்டிக்கொடுக்கக் கூடாது.

தோற்ற அமர்வில் ஏன் தோற்றது என்பதை விரிவாக எதிர்முனைக்குச் சொல்ல வேண்டாம். "நிறுத்தம்" என்ற ஒரு சொல் போதும். சொல்லும் ஒவ்வொரு காரணமும் எதிரிக்கும் பாடம்.

அடையாளத்தையும் க்யூபிட்டில் வைத்தால் என்ன?

நேரடிக் குவாண்டம் தொடர்பு நெறிமுறைகளில், அதாவது சாவி இல்லாமல் செய்தியையே க்யூபிட்டில் (குவாண்டம் பிட்டில்) அனுப்பும் வகையில், இப்படி ஒரு யோசனை அடிக்கடி வருகிறது: பகிர்ந்த அடையாள பிட்கள் எந்த அடித்தளத்தில் (அளவீட்டுக் கோணத்தில்) அளப்பது என்பதைத் தீர்மானிக்கும், தெரியாதவர் தவறாக அளந்து மாட்டிக்கொள்வார். படிக்க அழகாக இருக்கும். எண்களைப் பாருங்கள். ஆள்மாறாட்டக்காரர் நேர், சாய்வு அடித்தளங்களில் ஒன்றை ஊகித்து அளந்தால் ஒவ்வொரு க்யூபிட்டிலும் தப்பும் வாய்ப்பு 75 சதவீதம். இரண்டுக்கும் நடுவிலான கோணத்தில் அளந்தால் 85.4. 128 க்யூபிட்டுக்கு இந்த இரண்டாவது உத்தி 2-இன் −29 அடுக்குதான். அதே நீளச் செவ்வியல் முத்திரையின் அருகில்கூட வராது. இதற்கு மேல், இரைச்சலுக்காகச் சில பிழைகளை மன்னிக்க வேண்டும். அந்த மன்னிப்பு ஆள்மாறாட்டக்காரருக்கும் சேரும். எல்லாவற்றையும்விட, நம்பாத பெட்டியிடம் அடையாள பிட்டை உள்ளீடாகக் கொடுக்கிறோம். பெட்டி அதை நினைவில் வைத்துப் பிறகு கசியவிட்டால்? எங்கள் தீர்ப்பு: அடையாளம் நம்பகமான கணினியை விட்டு வெளியே வரக் கூடாது.

பழைய பெட்டியை என்ன செய்வது

2013-இல் பாரெட், கோல்பெக், கென்ட் மூவரும் காட்டிய ஓட்டை இன்னும் முழுதாக அடைபடவில்லை. தீய பெட்டி இன்றைய வெளியீடுகளைச் சேமித்து, நாளைய அமர்வின் சோதனைச் சுற்று விடைகளுக்குள் அவற்றை ஒளித்து வைக்கும். அந்த விடைகளை நாமே பகிரங்கமாக அறிவிக்கிறோம். எஸ் சற்றே குறையும், எல்லைக்குள்தான் இருக்கும். பெட்டியே வேண்டுமென்று அமர்வைத் தோற்கடித்தும், "தோற்றது" என்ற ஒரு பிட்டால் சேதி சொல்லலாம். கைவசம் உள்ள தடுப்புகள்: சோதனை விடைகளைத் திறந்த வெளியில் அறிவிக்காமல் பழைய சாவியால் மூடி அனுப்புவது, அமர்வுகளுக்கு இடையே பெட்டியின் மின்சாரத்தைத் துண்டித்து நினைவகத்தைத் துடைப்பது, சேவை முடிந்த பெட்டியைத் தயாரிப்பாளருக்குப் பழுதுபார்க்கத் திருப்பி அனுப்பாமல் ஆய்வகத்துக்குள்ளேயே உடைப்பது. கடைசியானதற்கு ஆகும் செலவைக் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். உத்தரவாதக் காலத்தில் பெட்டியைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கும்.